முத்துவடிவு வீடு இதுதானே

"நோட்டீசு எழுத்தெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா ஞானதுரை அண்ணாச்சி லாட்ஜு நாலாவது வரியில வருதே, பாப்பா."

முத்துவடிவு நிமிரவில்லை. "அகர வரிசைப்படி போட்டேன், சார்" என்று மேசையிடம் சொன்னாள்.

"அகர வரிசையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. அவரு சங்கத் தலைவரு. மேல தூக்கிப் போடு."

அப்படிச் சொன்ன பால்வண்ணநாதன், குற்றாலம் விடுதிக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, 'பொதுஜனத் தொடர்பு நிலையம்' என்று எழுதிய தகரப் பலகை. சாரல் வலுத்தால் மேசையைத் தூக்கிக்கொண்டு பார்சல் ஆபீஸ் தாழ்வாரத்துக்கு ஓட வேண்டும். பலகையை மரத்திலேயே விட்டுவிடுவார்கள்.

அந்த மேசைக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தாள் முத்துவடிவு. பி.எஸ்ஸி. ரசாயனம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அவள் படித்த கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. சோதனைக் குழாய்கள் நடுவே வாழ்க்கையைக் கழித்துவிடலாம், அவை எதிர்க்கேள்வி கேட்காது என்று அவள் அந்த வேலைக்கு ஆசைப்பட்டாள்.

பிரின்சிபால் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"மார்க்கெல்லாம் வாங்கிருவே. ஆனா மூணு வருஷத்துல உன் குரலை நான் கேட்டதே இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைங்க முன்னால நின்னு எப்படிச் சொல்லிக் கொடுப்பே?"

"சொல்லிக் கொடுத்திருவேன், அம்மா."

"என்ன சொன்னே?"

அவள் திரும்பச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.

"சரி. உங்க ஊர்ல சீசனுக்கு விளம்பர வேலைக்கு ஆள் கேட்டிருக்காங்க. ஒரு மாசம் அங்கே இருந்துட்டு, 'பொதுமக்களுடன் பழகத் தகுதி உள்ளவர்'னு அந்தச் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழோட வா. வேலை உனக்கு. இல்லேன்னா நான் வேற பிள்ளையைப் பார்க்க வேண்டியதுதான்."

வேலை கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதும் வீட்டில் முடிவாகி இருந்தது. சிவகிரியில் ஒரு மாப்பிள்ளை. உரக்கடை வைத்திருந்தார். "ரசாயனம் படிச்ச பிள்ளைக்கு உரக்கடை பொருத்தந்தானே" என்றாள் அம்மா மங்களேஸ்வரி. அதற்கு என்ன பதில் சொல்வது என்று முத்துவடிவு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஞானதுரை விடுதியின் பெயர் முதல் வரிக்குப் போனது. மறுநாள் மற்ற விடுதிக்காரர்கள் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள்.

"தலைவர்னா பதவிக்குத்தான் தலைவர். நோட்டீசுக்குமா தலைவர்?" என்றார் ஒருவர்.

"அருவிக்கு எது பக்கமோ, அதை முதல்ல போடு" என்றார் இன்னொருவர்.

முத்துவடிவு அருவியிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு எழுதினாள். ரோட்டு வழியாகவா, தோப்புக் குறுக்கு வழியாகவா என்று அதில் சண்டை வந்தது. விடுதி ஆரம்பித்த வருஷப்படி எழுதினாள். கூரை போட்ட வருஷமா, ஓடு மாற்றிய வருஷமா என்று கேட்டார்கள். கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பென்சீன் மூலக்கூறு போல ஆறு விடுதிகளின் பெயரையும் வட்டமாக எழுதினாள். வட்டத்தில் முதலாவது, கடைசி என்று எதுவும் இல்லை.

பால்வண்ணநாதன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிப்புன்னா படிப்புத்தான்" என்றார்.

ஞானதுரை வந்து பார்த்தார். வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை, தொண்டையில் எப்போதும் ஒரு அதட்டல். "அடியில இருக்கது யாரு லாட்ஜு?"

"உங்களுதுதான், அண்ணாச்சி. ஆனா அது வட்டம். அதுல அடின்னு ஒண்ணும் கிடையாது" என்றார் பால்வண்ணநாதன்.

"சுவத்துல ஒட்டுனா அடி வரும்லா."

வரும். அதை முத்துவடிவு யோசிக்கவில்லை.

அன்று மாலை பால்வண்ணநாதன் எல்லா விடுதிகளின் பெயரையும் அடித்துவிட்டார். "ஒரு பேரும் வேண்டாம். குற்றாலத்தைப் பத்தி மட்டும் எழுது. சாரல், அருவி, எண்ணெய்க் குளியல், வசதியான அறை, வெந்நீர், வீட்டுச் சாப்பாடு. வந்து இறங்குனா தன்னால லாட்ஜைத் தேடிப் போவாவ. நான் ஒரு கல்யாணத்துக்குச் செங்கோட்டை போறேன். நீ இதை அச்சாபீசுல குடுத்து, வந்ததும் மதுரை, விருதுநகர், கோயில்பட்டிக்கெல்லாம் ரயில்ல அனுப்பிரு."

அச்சுக்கூடக்காரர் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வெளியிடுறவங்க பேரு?"

"சங்கம்" என்றாள்.

"என்னது?"

"சங்கம்."

"சங்கத்துக்கு விலாசம்?"

அவள் யோசித்தாள். "ஸ்டேஷன் வேப்பமரம்."

"வேப்பமரத்தையெல்லாம் போட முடியாது, பாப்பா. பேரு, தெரு இல்லாம நோட்டீசு அடிச்சா போலீசு என்னைத்தான் பிடிக்கும். உன் பேரைச் சொல்லு, போட்டுத் தள்ளுதேன்."

அவரோடு வாதாட வேண்டுமானால் இன்னும் நாலைந்து வாக்கியம் பேச வேண்டியிருக்கும். முத்துவடிவு தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். தெருவைக் கேட்டார். அதையும் சொன்னாள்.

நோட்டீஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது அவளுக்கு வியர்த்துவிட்டது. விடுதிப் பெயர்கள் போனதால் அடியில் நிறைய இடம் காலியாகி இருந்தது. அச்சுக்கூடக்காரர் இடத்தை வீணாக்காமல், கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்குப் போடும் எழுத்தில் அவள் பெயரைக் கோத்திருந்தார். வயசுப்பெண்ணின் பெயர் இத்தனை பெரிதாக ஊர் ஊராக ரயில்வே சுவரில் ஒட்டப்படுகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த ரயிலில் சிவகிரிதான். திருப்பி அச்சடிக்க நேரமில்லை. கட்டை அப்படியே ரயிலில் அனுப்பினாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

மேற்கே மேகம் இறங்கியது. காற்று திரும்பியது. பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்கள் அருவியில் தண்ணீர் விழும் சேதி கேட்டதும் முதலில் பாயை எண்ணுவார்கள். சீசன் வந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். முத்துவடிவின் அப்பா நெல்லையப்பன் வீடு பெரியது. மாடி வேறு இருந்தது. ஆகவே அவருக்குச் சொந்தக்காரர்களும் அதிகம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும் 'நீங்க யாரு' என்று கேட்பதில்லை. கல்யாணமான புதிதில் நெல்லையப்பன் ஒருவரை வாசலில் நிறுத்தி அப்படிக் கேட்டுவிட்டார். வந்தவர் மங்களேஸ்வரியின் ஒன்றுவிட்ட சித்தப்பா. செருப்பைக் கழற்றாமலே அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த பொங்கல் வரைக்கும் மங்களேஸ்வரி புருஷனிடம் பேச வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். அதிலிருந்து, 'வாங்க, வாங்க, எல்லாரும் சௌக்கியமா' என்பதோடு விசாரணை முடிந்துவிடும். யார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தால் சரி. தெரியாவிட்டாலும் சாப்பாடு உண்டு.

முத்துவடிவு அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நடுக்கூடத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா?" என்று அடுக்களையில் கேட்டாள்.

"மெதுவா, ஏட்டி. உங்க அப்பா பக்கம். 'முத்துவடிவு வீடு இதுதானே'ன்னு கேட்டு வந்தாவ."

முத்துவடிவு என்பது அப்பாவைப் பெற்றவளின் பெயர். அந்தப் பெயரைத்தான் இவளுக்கு வைத்திருந்தார்கள். பழைய சொந்தங்களுக்கு இது இன்னும் அந்த முத்துவடிவின் வீடுதான்.

மறுநாள் இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. துல்கர்னைனின் குதிரைவண்டி ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தது. "ஐயா, உங்க வீட்டுக்குத்தான் சவாரி" என்று அவர் வாசலிலேயே குரல் கொடுப்பார். பெட்டி, படுக்கை, எண்ணெய்த் தூக்கு, குழந்தைகள் எல்லாம் இறங்கும்.

"இது உன் பக்கமா இருக்கும்" என்றார் நெல்லையப்பன், மனைவியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு.

"உங்க அம்மா பேரைச் சொல்லிக் கேக்காவ. எங்க பக்கம் எப்படி?"

"எங்க பக்கத்துல இவ்வளவு காபி குடிக்க மாட்டாவ."

"எங்க பக்கத்துல இவ்வளவு அதிகாரம் பண்ண மாட்டாவ. காலையில அந்தக் கண்ணாடிக்காரரு என்னைக் கையைத் தட்டிக் கூப்பிடுதாரு. இட்டிலிக்குச் சட்னி காரமாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? வேற அரைச்சேன். உங்க மானமில்லா."

நெல்லையப்பனின் சாய்வு நாற்காலியை முதல் குடும்பத்துக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாம் குடும்பத்துக்காரர் ஈரத்துண்டை அவர் கையில் கொடுத்து, காயப்போடச் சொன்னார். மாடியில் இறங்கியிருந்த விருதுநகர்க்காரர் ஒருவர்தான் மரியாதையானவர். "நாங்க போறப்ப மொத்தமாப் பாத்துக்கலாங்களா?" என்று கேட்டார். "அதுக்கென்ன இப்ப அவசரம்? இருந்து நல்லாக் குளிச்சிட்டுப் போங்க" என்றார் நெல்லையப்பன். விருதுநகர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கிடையில் வேப்பமரத்தடியில் ஈ காக்கை இல்லை. ரயில் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். ஒருவரும் மேசைப் பக்கம் வராமல் நேராக வண்டி பிடித்துப் போனார்கள். முத்துவடிவுக்கு உள்ளூர அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஞானதுரைக்கு அப்படி இல்லை.

"ரயிலு பொங்கி வழியுது. லாட்ஜு காத்தாடுது. இறங்குற சனமெல்லாம் எங்கவே போகுது?" என்று பால்வண்ணநாதனை அதட்டினார்.

"சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான், அண்ணாச்சி. இந்த வருசம் சொந்தக்காரங்க தொல்லை ரொம்ப. இல்ல, பாப்பா?"

முத்துவடிவு மேசையைப் பார்த்துத் தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதா.

"நீ வாயைத் தொறந்து கூப்பிடணும், பிள்ளா. கூப்பிடாம எப்படி வருவாவ?" ஞானதுரை ஒரு தகரக் குழாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதை வாயில் வைத்துப் பேசினால் பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் கேட்குமாம்.

ரயில் வந்தது. முத்துவடிவு குழாயை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "குற்றாலத்தில் தங்கும் வசதி உண்டு" என்றாள். மேசைக்கடியில் படுத்திருந்த நாய் ஒரு காதைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"இந்தப் பிள்ளைக்கு நான் என்னன்னு எழுதிக் குடுக்க?" என்றார் ஞானதுரை பால்வண்ணநாதனிடம். அவள் பக்கத்திலேயே நிற்பது அவருக்குப் பொருட்டில்லை.

"நோட்டீசு பத்தலையோ என்னமோ. இன்னொரு கட்டு அடிச்சு மதுரையில நாலு தெருவுலயும் ஒட்டிருவோம், அண்ணாச்சி."

இன்னொரு கட்டு அடித்து ஒட்டினார்கள்.

அந்த வாரம் நெல்லையப்பன் வீட்டில் கொல்லைத் தொழுவத்திலும் ஆள் படுத்தது.

வீட்டில் இப்போது தினம் ஒரு சண்டை. யார் டம்ளரில் யார் குடித்தது, யார் வேட்டியை யார் கட்டிக்கொண்டு அருவிக்குப் போனது, வெந்நீர் அண்டாவுக்கு முதலில் வந்தது யார். மங்களேஸ்வரி ஒரு நாள் அடுப்பின் முன் உட்கார்ந்து அழுதாள். "சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. எல்லாரும் ரத்த சம்பந்தமாப் போயிட்டாவ."

முத்துவடிவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஆய்வுக்கூடத்தில் குப்பிகள் கலந்து போகாமல் இருக்க என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். பழைய நோட்டுத்தாளைக் கத்தரித்து, எண் எழுதி, ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தொழுவத்துக்கு ஏழு. டம்ளருக்கும் வாளிக்கும் அதே எண். வெந்நீருக்கு எந்த எண் எந்த நேரம் என்று கரிக்கட்டியால் சுவரில் எழுதினாள். கை தட்டுவது அம்மாவுக்கு வேதனையாக இருந்ததால், பழைய மாட்டுமணி ஒன்றைக் கூடத்தில் கட்டிவிட்டு, "எதுவும் வேணும்னா இதை அடிங்க" என்றாள்.

சண்டை நின்றது. ஆனால் மணி நிற்கவில்லை. எண் ஒட்டிய பிறகு எல்லோருக்கும் உரிமை கூடிவிட்டது போல இருந்தது. ஐந்தாம் நம்பருக்கு இன்னொரு தலையணை வேண்டும். இரண்டாம் நம்பருக்கு ஐந்தருவி போக வண்டி சொல்ல வேண்டும். நாலாம் நம்பருக்குத் தோசை முறுகலாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் களைத்துப் போனதால் மணி அடித்தால் இவள்தான் போக வேண்டியிருந்தது.

முதலில் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். உள்ளே கேட்கவில்லை. உள்ளே போய் நின்று கேட்டாள். பிறகு ஒரு நாள், எண்ணெய் தேய்த்த உடம்போடு இரண்டாம் நம்பர்க்காரர் நடுக்கூடத்துச் சுவரில் சாயப் போனபோது, "சுவத்துல சாயாதீங்க" என்றாள். அது மாடி வரைக்கும் கேட்டது. அவளே திடுக்கிட்டுப் போனாள்.

சொந்தக்காரர்கள்தானே. பொதுமக்கள் என்றால் அவளால் முடியாது.

இந்த நேரத்தில்தான் இலத்தூரிலிருந்து அப்பாவின் அக்கா சொக்கம்மாள் வந்து இறங்கினாள். வருஷா வருஷம் சீசனுக்கு வருபவள். மாடி அறை அவளுக்குத்தான் என்பது எழுதாத சாசனம். மாடிக் கதவில் மூன்று என்று எழுதியிருந்தது. உள்ளே விருதுநகர்க்காரர் குடும்பம்.

"யாருடா இவங்கெல்லாம்?" என்றாள் தம்பியிடம்.

"மெதுவாக் கேளு, அக்கா. மங்களத்தோட பக்கம்."

சொக்கம்மாள் அடுக்களைக்குப் போனாள். "யாரு, மங்களம், இவங்கெல்லாம்?"

"உங்க பக்கந்தான், மைனி. உங்க அம்மா பேரைச் சொல்லித்தான் வந்தாவ."

"எங்க பக்கத்துல எனக்குத் தெரியாத ஆளா?"

"தெரியலையா, மைனி?" மங்களேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் எங்க ஆளுகளைக் கொண்டாந்து வச்சிக்கிட்டு, உங்க தம்பி மேல பழி போடுதேன்னு சொல்லுதியளா?"

அக்காவும் மனைவியும் பேசத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பது நெல்லையப்பனுக்குத் தெரியும். அவர் மணியை ஒரு அடி அடித்தார். பேச்சு நின்றது. சொக்கம்மாள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவளுக்கு இந்த வீட்டுல இடமில்ல. நான் காசு குடுத்து லாட்ஜுல தங்கிக்கிடுதேன். ஊரு பாக்கட்டும்."

துல்கர்னைன் அவளைக் குற்றாலத்தில் ஞானதுரையின் விடுதியில் இறக்கிவிட்டு வந்தார்.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. முத்துவடிவு காலையிலேயே ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள். ஆனால் மணி விடவில்லை. ஒன்று முடிந்தால் ஒன்று. உச்சிப் பொழுதாகியும் அவளால் வாசல் தாண்ட முடியவில்லை. விருதுநகர்க்காரர் குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிட்டது. பெட்டி படுக்கையைக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டு, அவர் யாரையோ தேடுவது போல அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் வண்டி நின்றது. ஞானதுரையும் பால்வண்ணநாதனும் இறங்கினார்கள்.

முத்துவடிவு கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

நெல்லையப்பன் ஓடி வந்தார். "வாங்க, வாங்க, எல்லாரும் சௌக்கியமா" என்றார், வழக்கப்படி.

"நான் சங்கத் தலைவரு. உங்க மக விசயமா வந்தேன்." ஞானதுரை குடையை மடக்கினார். "கடைசி நாளும் மேசையில ஆளு இல்ல. சரி, நேர்ல சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். தப்பா எடுக்காதிய, ஐயா. நல்ல பிள்ளை, இல்லேங்கல. ஆனா இந்த ஒரு மாசத்துல ஒரு ஆளைக்கூட லாட்ஜுக்குள்ள கொண்டாரல. என் லாட்ஜுல இருக்கது ஒரே ஒரு அம்மா. அவங்களும் மூணு வேளையும் தம்பியை நினைச்சு அழுதுக்கிட்டு இருக்காவ."

நெல்லையப்பன் தரையைப் பார்த்தார்.

"அதனால அந்தச் சான்றிதழு..." என்று ஞானதுரை தொடங்கும்போது, பின்கட்டில் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். அண்டா பக்கம் வாளி உருளும் சத்தமும் கேட்டது.

முத்துவடிவு ஞானதுரையைத் தாண்டிக் கூடத்தின் நடுவே போய் நின்றாள்.

"ஆறாம் நம்பர், உங்களுக்கு வெந்நீர் மூணு மணிக்கு. சுவத்துல எழுதியிருக்கு. ஏழாம் நம்பர், வாளியைக் கீழ வையுங்க. ஒண்ணாம் நம்பர்ல எல்லாரும் சாப்பிட வரலாம், குழந்தைகளுக்கு முதல்ல. இரண்டாம் நம்பர், எண்ணெயோட உக்காராதீங்கன்னு நேத்தே சொன்னேன்."

அவள் கத்தவில்லை. ஆனால் பின்கட்டுச் சத்தம் அடங்கியது. வாளி கீழே இறங்கியது. இரண்டாம் நம்பர்க்காரர் எழுந்து நின்றார்.

ஞானதுரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இது அந்தப் பிள்ளையாவே?" என்று பால்வண்ணநாதனைக் கேட்டார்.

"அதேதான், அண்ணாச்சி."

"குழாயில பேசச் சொன்னா நாயிகூட எந்திரிக்கல. இங்கன வீடே எந்திரிக்கி." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "கொண்டா அந்தத் தாளை. இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவளுக்கு எழுதிக் குடுக்காம வேற யாருக்கு எழுதிக் குடுக்க?"

முத்துவடிவு தாளைக் கொண்டுவந்தாள். பிரின்சிபால் அம்மாவே தட்டச்சு செய்து கொடுத்தது. 'பொதுமக்களுடன் பழகத் தகுதி உள்ளவர்' என்பதற்குக் கீழே கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. பேனா முனை அதன் மேல் வந்து நின்றது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தாளின் மேல் கையை வைத்தாள்.

"வேண்டாம், அண்ணாச்சி."

"என்ன வேண்டாம்?"

"இவங்க பொதுமக்கள் இல்ல. எங்க சொந்தக்காரங்க. சொந்தக்காரங்ககிட்டப் பேசினதை வச்சுப் பொதுமக்கள்னு எழுதினா அது தப்பான ரிசல்ட். அந்தச் சோதனையை நான் செய்யவே இல்ல." அவள் தாளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பால்வண்ணநாதன் தலையில் கை வைத்தார். "போடுற மனுசனைப் போட விடேன், பாப்பா."

ஞானதுரை அவளையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"நீ சொல்லுதது நியாயம். நானும் ஏசுவைக் கும்பிடுறவன், பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கூட்டத்துல சொந்தமில்லாத ஒரே ஒரு வெளியாளு இருந்தாக்கூட இப்பவே போட்டிருப்பேன். உன் யோகம் அவ்வளவுதான்."

முத்துவடிவு தாளை நான்காக மடித்தாள். உரக்கடையில் என்னென்ன உப்புகள் இருக்கும் என்று அவள் மனம் தானாகவே வரிசைப்படுத்தத் தொடங்கியது. அம்மோனியம் சல்பேட். சூப்பர் பாஸ்பேட்.

ஞானதுரைக்கு மனசு கேட்கவில்லை. புறப்படவும் தோன்றவில்லை. ஏதாவது நல்லபடியாகப் பேசிவிட்டுப் போகலாம் என்று, பக்கத்தில் பெட்டியோடு நின்ற விருதுநகர்க்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல பிள்ளை. நீங்க இதுக்கு என்ன முறை வேணும்?"

நெல்லையப்பன் பதறி எழுந்தார். அடுக்களை வாசலில் மங்களேஸ்வரி கரண்டியோடு அசையாமல் நின்றாள். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

விருதுநகர்க்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"முறையா? நாங்க மூணாம் நம்பர் ரூமுங்க. காலையில இருந்து காலி பண்ணிட்டு நிக்கிறோம். இந்த லாட்ஜு முதலாளி நீங்கதானா?"